கயிறு கட்டின வாள்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் ஐந்து பேர். விறாந்தையில் சாய்மனைக் கதிரையில், முதுகைச் சாய்க்காமல் நுனியில் இருந்தவர் மயில்வாகனம். நாரந்தனையில் அந்த வீடும் வளவும் அவருடையவை. அவருக்கு இடப்பக்கம், சுவரோடு போட்ட வாங்கில் காலை நீட்டிக்கொண்டிருந்தவர் மனைவியின் தம்பி ஆழ்வாப்பிள்ளை. குசினிப் படியில், மடியில் அரிசிச் சுளகோடு மனைவி அன்னபூரணம். கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற கல்லில், வேலிக்கு அந்தப்பக்கத்து வளவுக்காரி இலட்சுமிப்பிள்ளை. ஐந்தாம் ஆள் அம்புறோஸ். அவர் முற்றத்து மணலில் சாக்கு ஒன்றை விரித்து அதன் ஓரத்தில் குந்தியிருந்தார். சாக்கின்மேல் இரண்டு வாள்கள்.

இரண்டும் மெசின் வாள்கள். ஒன்று கறண்டில் ஓடுவது. சாப்பாட்டுக் கோப்பை அளவில் வட்டத் தகடு, விளிம்பெல்லாம் பல். மற்றது பெற்றோலில் ஓடுவது. நீண்ட அலகைச் சுற்றிப் பல்லுச் சங்கிலி. அம்புறோஸ் காரைநகரில் வள்ளம் கட்டுகிற இடத்தில் மேற்பார்வையாளர். மயில்வாகனம் கேட்டுக்கொண்டதற்காக ஒருநாள் லீவும் இரண்டு வாளும் ஒன்றாகக் கேட்டு வாங்கி, சைக்கிள் கரியரில் கட்டி, கடலைக் கடந்து வந்திருந்தார்.

எல்லாம் ஒரு கடிதத்தால் வந்தது. மயில்வாகனத்தின் மருமகன் குலசிங்கம் கப்பலில் வேலை. சித்திரை பிறக்க முதல் கப்பல் சிங்கப்பூரில் மூன்று நாள் நிற்கும், வளவு வேலைக்கு ஒரு மெசின் வாள் வாங்கிக்கொண்டு லீவில் வரலாம், எது நல்லதென்று மாமா பார்த்து எழுதவேண்டும் என்று எழுதியிருந்தார். கடிதம் சுற்றி வந்து சேர்ந்ததில் நாள் போய்விட்டது. மறுமொழி இன்றைய தபாலில் போகவேண்டும். ஊர்காவற்றுறைத் தபாற்கந்தோரில் மூன்று மணிக்குப் பை கட்டிவிடுவார்கள். 1979ஆம் ஆண்டு, பங்குனி மாதம், வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணி.

மயில்வாகனம் இருபது வருடம் பஸ் டிப்போவில் நேரம் குறித்தவர். எழுதிப் பார்க்காமல் எதையும் முடிவெடுக்க மாட்டார். மடியில் ஒரு கொப்பி. நடுவே கோடு கிழித்து ஒருபக்கம் ‘கறண்ட்’, மறுபக்கம் ‘பெற்றோல்’ என்று தலைப்புப் போட்டிருந்தார்.

“அத்தான், பொம்பிளை பாக்கப் போகேக்கையும் இப்பிடிக் கொப்பியோடையே போனனீங்கள்?” என்று ஆழ்வாப்பிள்ளை கேட்டார்.

“கொண்டுபோயிருந்தா உங்கடை படலையைத் திறந்திருக்க மாட்டன்.”

குசினிப் படியில் சுளகு ஒரு கணம் நின்றது. பிறகு முன்னையிலும் வேகமாகப் புடைத்தது.

“எந்த வாளெண்டாலும் வரட்டும் அண்ணை,” என்றாள் இலட்சுமிப்பிள்ளை. “வந்தவுடனை என்ரை ஒழுங்கை வாசலுக்கொரு படலை செய்துதரவேணும். ஆவணியிலை பிள்ளையின்ரை கலியாணம். ஒழுங்கைக்குள்ளை கார் வராது. மாப்பிளையை றோட்டிலை இறக்கி நடத்தித்தான் கூட்டிவரவேணும். படலையாவது வடிவாயிருக்கட்டும்.”

“செய்வம், செய்வம்,” என்றார் மயில்வாகனம், கொப்பியை விட்டுத் தலை நிமிராமல்.

முதலில் கறண்ட் வாள். விறாந்தையிலிருந்து நீட்டு வயர் இழுத்து அம்புறோஸ் ஒரு வேப்பம் பலகையில் ஓட்டினார். நூல் பிடித்தது போன்ற வெட்டு. இடையில் இரண்டு தடவை வாள் முனகி இளைத்தது.

“சந்தியிலை மில் ஓடுது. அவன் இழுத்தா இது சோரும்,” என்றார் அம்புறோஸ். வயரும் கிணற்றுக்கட்டோடு முடிந்துவிட்டது. மயில்வாகனம் மூன்றையும் எழுதினார்: வெட்டு நேர். கறண்ட் இறங்கும். வயர் கிணறு மட்டும்.

அடுத்தது பெற்றோல். கயிற்றை மூன்றாம் முறை இழுத்ததும் அது உறுமிய உறுமலில் வளவுக் காகமெல்லாம் எழும்பிப் போயிற்று. விழுந்து கிடந்த தென்னங்குற்றி ஒன்றை அது அறுத்த வேகத்தைப் பார்த்து ஆழ்வாப்பிள்ளை வாங்கை விட்டே எழும்பிவிட்டார்.

“இதுதான் வாள்! அத்தான், கொப்பியை மூடுங்கோ. வயருமில்லை, மில்லுமில்லை. தீவு முழுக்கக் கொண்டுதிரியலாம்.”

“கிடக்கிற குற்றியை அறுக்கிறது பெரிய காரியமில்லை,” என்றார் அம்புறோஸ், சங்கிலியைத் துடைத்தபடி. “நிக்கிற மரத்திலைதான் பாக்கவேணும். பச்சை மரத்திலை இறுகுதோ, இழுக்குதோ எண்டு.”

“அப்ப அந்தப் பூவரசைத் தறியுங்கோ!” குசினிப் படியிலிருந்து அன்னபூரணத்தின் குரல். “கொட்டில் ஓடெல்லாம் அதாலைதான் உடையுது. எத்தினை வருசமா இந்த மனிசனுக்குச் சொல்லுறன்.”

எல்லாருடைய கண்ணும் மாட்டுக்கொட்டிலடிக்குப் போயிற்று. மயில்வாகனத்தின் பென்சில் கொப்பியில் நின்ற இடத்திலேயே நின்றது.

அந்தப் பூவரசு தானாக முளைத்தது என்று எல்லாருக்கும் சொல்லிவைத்தவர் அவர்தான். அது முளைத்ததல்ல, நட்டது. ஒரு காலத்தில் அதுதான் எல்லை. 1963இல் இலட்சுமிப்பிள்ளையும் புருஷனும் வயல் செய்யவென்று கிளிநொச்சிக்குப் போய் மூன்று வருடம் இருந்தார்கள். அந்தப்பக்க வேலி அடைக்கிற பங்கு மயில்வாகனத்துடையது. அந்த வருட வேலியடைப்பில் அவர் வேலிக் கதியால்களைப் பிடுங்கி, நூல் பிடித்து, இரண்டு முழமும் ஒரு சாணும் தள்ளி, இலட்சுமிப்பிள்ளையின் ஒழுங்கைக்குள் நட்டார். கொட்டிலுக்கு இடம் போதவில்லை. வேறு காரணம் கிடையாது. பூவரசு மட்டும் பிடுங்க முடியாத பருமனாகியிருந்தது. அதில் அறைந்திருந்த நாலு நிரை முள்ளுக்கம்பியை மரம் அப்போதே பாதி விழுங்கியிருந்தது. இருபுறமும் துருத்திய நுனிகளைக் குறட்டால் நறுக்கி, அந்த இடங்களில் சாணி அப்பிவிட்டார். இரண்டு மாரிக்குள் பட்டை மூடிக்கொண்டது.

ஊருக்குத் திரும்பி வந்த அன்று இலட்சுமிப்பிள்ளையின் புருஷன் ஒழுங்கையில் நின்று சொன்னார்: “மயிலண்ணை, ஒழுங்கை ஒடுங்கின மாதிரிக் கிடக்கு.”

“வயல்வெளியைப் பாத்துப் பழகின கண்ணுக்கு எல்லாம் ஒடுக்கமாத்தான் தெரியும்,” என்று மயில்வாகனம் சிரித்தார். அந்த மனிதரும் சேர்ந்து சிரித்தார். அவர் செத்து எட்டு வருடமாகிறது.

இப்போது அம்புறோஸ் சாக்கை உதறிக்கொண்டு எழும்பினார்.

“வெள்ளிக்கிழமை,” என்றார் மயில்வாகனம். “வெள்ளியிலை பச்சை மரம் தறிக்கிறேல்லை.”

“எங்களுக்கு வெள்ளியிலை இறைச்சிதான் விலக்கு. மரத்துக்கு ஒண்டுமில்லை அண்ணை. பாவம் என்ரை கணக்கிலை சேரட்டும்.”

“காகக் கூடு கிடக்கும்.”

“எல்லாம் எப்பவோ பறந்திட்டுது.”

“மாட்டுக்கு நிழல்...”

“மாடு வித்து நாலு வருசம்!” என்றாள் அன்னபூரணம்.

ஆழ்வாப்பிள்ளை கைகொட்டிச் சிரித்தார். அம்புறோஸ் மரத்தைச் சுற்றி வந்து பார்த்து, முழங்கால் உயரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு கீறினார்.

மயில்வாகனத்துக்கு அந்த உயரம் தெரியும். தரையிலிருந்து ஒரு முழம், இரண்டு முழம் என்று அளந்து அறைந்தவர் அவர். மரம் வளர்ந்தாலும் அறைந்த கம்பி மேலே போவதில்லை. சுண்ணாம்புக் கோடு முதல் நிரைக்கு நேரே நின்றது.

“அதிலையில்லை,” என்று எழும்பி வந்தார். “ஒரு சாண் மேலை வெட்டும்.”

“ஏன்?”

“குனியத் தேவையில்லை எல்லே.”

அம்புறோஸ் தோளைக் குலுக்கினார். பழைய கோட்டை அழித்து ஒரு சாண் மேலே கீறினார். அது இரண்டு நிரைக்கும் நடு. சங்கிலி நடுவால் போய்விட்டால் ஒன்றும் நடக்காது; மரம் விழும். குற்றியாக அறுக்காமல் முழு மரமாகவே விற்றுவிடலாம். மயில்வாகனம் ஒரு மூச்சு விட்டார். அந்த மூச்சு முடிய முதலே இன்னொன்று நினைவுக்கு வந்தது. அந்த மரம் எல்லையாக இருந்த காலத்தில் புயலில் வேலி சாய்ந்தபோது, அதை இழுத்து நிறுத்த அதே மரத்தில் குறுக்காக ஒரு இழுவைக் கம்பி போட்டிருந்தார். எந்த உயரத்தில்? எல்லாவற்றையும் எழுதிவைக்கிற மனிதர் அதை மட்டும் எங்கும் எழுதவில்லை.

“கம்பியிலை பட்டா இந்த வாள் என்ன செய்யும்?” என்று, கேட்கவேண்டியதே இல்லாத கேள்வி போலக் கேட்டார்.

“எந்தக் கம்பி?”

“சும்மா. கொப்பியிலை எழுத.”

“ஆளுக்கு நேரை துள்ளி வரும்,” என்றார் அம்புறோஸ். “சங்கிலி அறுந்தா அது வேறை. எங்கடை இடத்திலை ஒருத்தனுக்குத் தாடையிலை பதினெட்டுத் தையல். பழைய பலகையிலை ஆணி கிடந்ததாம், குடுத்தவன் சொல்லேல்லை.” சொல்லிக்கொண்டே சாரத்தை மடித்துக் கட்டினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, சேட்டுப் பையில் வைத்தார். “இது விழுந்து உடைஞ்சா மனிசி என்னைத் தறிச்சுப்போடுவள்.”

கயிற்றை இழுத்தார். ஒருதரம். இரண்டுதரம்.

“அம்புறோஸ், கொஞ்சம் பொறும்.”

மூன்றாம் இழுவையில் வாள் உறுமத் தொடங்கியது. மயில்வாகனம் மறுபடி கூப்பிட்டார். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. இலட்சுமிப்பிள்ளை கல்லிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆழ்வாப்பிள்ளை இரண்டு காதையும் பொத்தியிருந்தார். அம்புறோஸ் கால்களை அகட்டி வைத்து, வெறுங்கண்ணை இடுக்கி, அலகை மரத்துக்குக் கொண்டுபோனார்.

மயில்வாகனம் நாலு எட்டில் மரத்தடிக்குப் போனார். போய், சுண்ணாம்புக் கோட்டின்மேல் தன்னுடைய உள்ளங்கையை வைத்தார்.

கைக்கும் சங்கிலிக்கும் ஒரு சாண் இருக்கும். அம்புறோஸ் வாளை வானத்துக்குத் தூக்கி, தடுமாறி, நிற்பாட்டினார். அந்த அமைதியில் பெற்றோல் மணம் மட்டும் நின்றது.

“உங்களுக்கென்ன விசரே அண்ணை!” அம்புறோஸின் முகம் வெளிறியிருந்தது. “கையெல்லோ போயிருக்கும்!”

“ஆணி கிடக்கு.”

“எத்தினை?”

“ஒண்டு. மாடு கட்டினது.”

“அதை வாயாலை சொல்லுறதுக்கென்ன? சரி, நாலு விரல் மேலை போவம்.” மறுபடி கயிற்றில் கை வைத்தார்.

“மேலையும் கிடக்கு.”

“எவ்வளவு மேலை?”

“முழத்துக்கு ஒண்டு. நாலு முழம் மட்டும்.”

ஆழ்வாப்பிள்ளை காதிலிருந்து கையை எடுத்தார். “மாட்டை ஏணி வைச்சே அத்தான் கட்டினனீங்கள்?”

அந்தப் பகிடிக்கு அவரே பாதிதான் சிரித்தார். மயில்வாகனத்தின் கை இன்னும் மரத்தில் இருந்தது. இன்னொரு பொய் நாக்கில் வந்து நின்றது: உடுப்புக் காயப்போடக் கொடி கட்டினது. அம்புறோஸ் கண்ணாடி இல்லாத கண்ணால் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆணியில்லை,” என்றார் மயில்வாகனம். “முள்ளுக்கம்பி. நாலு நிரை. நான் அறைஞ்சது.”

வளவின் நடுவில் நிற்கிற மரத்துக்கு ஒருவரும் நாலு நிரை முள்ளுக்கம்பி அறைவதில்லை. எல்லையில் நிற்கிற மரத்துக்குத்தான் அறைவார்கள். அதை அங்கே ஒருவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை.

இலட்சுமிப்பிள்ளை கல்லை விட்டு எழும்பினாள். மரத்தடிக்கு வந்து, அவருடைய முகத்தைப் பாராமல், மண்ணில் முழங்காலை ஊன்றினாள். முழங்கையை மரத்தடியில் வைத்து வேலியை நோக்கி அளந்தாள். “ஒண்டு. இரண்டு.” பிறகு விரல்களை விரித்தாள். “ஒரு சாண்.” விரல் நுனி வேலிக் கிடுகில் முட்டியது.

அப்படியே குந்தியிருந்தாள்.

“பதின்மூண்டு வருசம்,” என்றாள், கிடுகைப் பார்த்தபடி. “வைக்கல், விறகு, நெல்லு மூட்டை, எல்லாம் தலையிலை. வண்டில் வராதெண்டு கூலிக்காரன் இரட்டிப்புக் கேக்கிறவன். அந்தாள் செத்தண்டைக்குப் பாடையைச் சரிச்செல்லோ கொண்டுபோனவை. ஒரு மூலையிலை ஆர் பிடிச்சது அண்ணை?”

“நான்,” என்றார் மயில்வாகனம்.

“ஓம். நீங்கள்தான். ‘பாத்து, பாத்து, வேலியிலை முட்டாமல்’ எண்டு சொல்லிச் சொல்லிக் கொண்டுபோனனீங்கள்.”

அன்னபூரணம் படியிலிருந்து எழும்பியதில் சுளகு சரிந்து அரிசி கொட்டுப்பட்டது. “இஞ்சேருங்கோ, உது என்ன கதை?” என்றவள் புருஷனின் முகத்தைப் பார்த்ததும் மேலே கேட்கவில்லை. கொட்டின அரிசியை அள்ளவும் இல்லை.

அம்புறோஸ் உளியால் பட்டையைச் சீவிப் பார்த்தார். ஒரு அங்குல ஆழத்தில் கறுத்த கோடு. இன்னும் கொஞ்சம் தோண்ட, துருவேறிய முள்ளொன்று வெளியே வந்தது. அதிலிருந்து மூன்று விரல் தள்ளித் தொடங்கி, சரிவாக மேலேறி, அவர் கீறிய கோட்டையே குறுக்கறுத்துக்கொண்டு இழுவைக் கம்பி போனது. அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். சேட்டுப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

“என்ரை மூஞ்சைக்குத்தான் வந்திருக்கும்,” என்றார் மெல்ல. “ஒரு சாண் மேலை வெட்டச் சொல்லேக்கையும் தெரியும், என்ன?”

மயில்வாகனம் தலையாட்டினார்.

“அண்ணை, மணி என்ன?” இலட்சுமிப்பிள்ளை எழும்பி மண்ணைத் தட்டிக்கொண்டாள்.

பழக்கத்தில் கை தானாகத் திரும்பியது. “பன்னிரண்டு நாப்பது.”

“அப்ப கடிதத்தை எழுதுங்கோ.”

“இப்பவோ? நாங்கள் முதல் இருந்து கதைச்சு, வேலியை...”

“கதைச்சது காணும். விதானையார், கோடு, வழக்கு எண்டு நான் அலையப் போறேல்லை. உங்கடை கையெழுத்திலை ஒண்டு வேணும். எந்த வாள் எண்டு மருமோன் கேட்டவரெல்லே? என்னத்துக்கு எண்டும் எழுதுங்கோ. ஒண்டும் விடாமல்.”

இரண்டு முழமல்ல, நாலு முழம் கேட்டிருந்தாலும் மயில்வாகனம் அந்த நேரம் கொடுத்திருப்பார். இது மருமகன் வாசிக்கப்போகிற கடிதம். பெண் கேட்டு வந்த நாளில் குலசிங்கத்தின் தகப்பன் சபையில் சொன்னது ‘மயில்வாகனத்தாரின்ரை கணக்கு ஒரு நிமிசம் பிசகாது’ என்றுதான்.

“இலட்சுமியக்கா, அது வீட்டு மாப்பிளை,” என்று ஆழ்வாப்பிள்ளை இழுத்தார். “குடும்பத்துக்குள்ளை...”

“நீர் வாயை வைச்சுக்கொண்டு இரும். போன தைக்கு என்ரை ஒழுங்கையிலை தேங்காய் மூட்டையோடை இறுகி நிண்டு கத்தினது நீரெல்லே?”

ஆழ்வாப்பிள்ளை வாங்கில் போய் இருந்தார். இந்தமுறை காலை நீட்டவில்லை.

மயில்வாகனம் கதிரைக்குத் திரும்பி, கடிதத்தாளை எடுத்து, பேனையைத் திறந்தார். பிறகு அம்புறோஸைப் பார்த்தார். “எந்த வாள் எண்டு எழுத?” அதைக் கேட்கும் உரிமை தனக்கு இருக்கிறதா என்ற தயக்கம் குரலில் தெரிந்தது.

அம்புறோஸ் சங்கிலி வாளைச் சாக்கில் சுற்றி இறுக்கிக் கட்டினார்.

“தறிக்கிற வேலை வருசத்திலை ஒருநாள்,” என்றார் கடைசியில். “அதுக்குக் கோடாலி காணும். மற்றது, உந்த ஊரிலை ஆரின்ரை வேலிமரத்துக்குள்ளை என்ன கிடக்கெண்டு எனக்குத் தெரியாது. படலை, வாங்கு, கோழிக்கூடு, பந்தல்கால் எல்லாம் பலகையும் சட்டமும்தானே. கறண்ட் வாளை எழுதுங்கோ. சிங்கப்பூர்க் கறண்டும் எங்கடை கறண்டும் ஒண்டு. வேறை துறையிலை வாங்கினா 230 வோல்ற்றோ எண்டு பாக்கச் சொல்லுங்கோ. தகடு மூண்டு கூட எடுக்கட்டும், பனஞ்சட்டம் பல்லைத் தின்னும்.”

“வயர் கிணத்தடி மட்டும்தானே போகுது,” என்றார் ஆழ்வாப்பிள்ளை, மனம் கேளாமல்.

“அது நல்லதுதான்,” என்றாள் இலட்சுமிப்பிள்ளை. “இந்த வளவுக்குக் கயிறு கட்டின வாள்தான் சரி. மற்றாக்களின்ரை காணிக்குள்ளை போகாது.”

அன்னபூரணம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

மயில்வாகனம் எழுதினார். ஒரு தாள் பிழைத்துப்போய்க் கசக்கினார். இரண்டாவது தாளில் கை ஓடியது. எழுதி முடித்ததும் இலட்சுமிப்பிள்ளை, “வாசியுங்கோ,” என்றாள். வாசித்தார்.

“அன்புள்ள மருமகன் குலசிங்கத்துக்கு. இங்கு யாவரும் சுகம். நீர் கேட்ட விபரம் வருமாறு. பெற்றோல் வாள் வேண்டாம். நமது வளவிலுள்ள பூவரசுக்குள் முள்ளுக்கம்பி இருக்கிறது. இன்று அதனால் திரு. அம்புறோசுக்குப் பெரிய ஆபத்து வரவிருந்தது. கறண்டில் ஓடும் கைவாள், ஏழேகால் அங்குலத் தகடு, 230 வோல்ற், மேலதிகத் தகடு மூன்று வாங்கவும். அதைக் கொண்டு செய்யவேண்டிய வேலைகள்: முதலாவது, மாட்டுக்கொட்டிலின் கிழக்குப் பக்கத்தைக் கழற்றி, சட்டங்களைக் குறுக்கிக் கட்டுதல். இரண்டாவது, இலட்சுமிப்பிள்ளையின் ஒழுங்கைக்கு வண்டிலும் காரும் போகத்தக்க இரட்டைப் படலை. இவை ஏனென்றால், 1963ஆம் ஆண்டு வேலியடைப்பில் நான் எல்லையை இரண்டு முழமும் ஒரு சாணும் அவர்கள் காணிக்குள் தள்ளி வைத்தேன். அவர்கள் அப்போது ஊரில் இல்லை. அந்த வேலியை இந்த மாதமே பழைய இடத்துக்கு எடுக்கிறேன். நீர் வந்ததும் அளந்து பார்க்கவும்.”

பிறகு, “இங்ஙனம், மாமா, மயில்வாகனம்,” என்று முடித்தார்.

“அந்தாளின்ரை பாடையை எழுதேல்லை,” என்றாள் அவள்.

மயில்வாகனம் பேனையை மறுபடி திறந்தார். கையொப்பத்துக்குக் கீழே இரண்டு வரி எழுதினார். அதைத் தானே வாசிக்காமல், தாளை அவளிடம் நீட்டினார். அவள் எழுத்துக்கூட்டி, உதட்டை அசைத்து வாசித்தாள். தலையை ஆட்டி, தானே மடித்து, உறைக்குள் வைத்தாள். உறையின் பசை கடற்காற்றில் எப்போதோ செத்துப்போயிருந்தது. அன்னபூரணம் குசினிக்குள் போய் நாலு சோற்றுப் பருக்கையை உள்ளங்கையில் கொண்டுவந்தாள். இலட்சுமிப்பிள்ளை அதைப் பெருவிரலால் நசித்து, விளிம்பெல்லாம் பூசி, ஒட்டி, கிணற்றுக்கட்டில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள்.

“நான் துறையடியாலைதான் போறன். குடுத்தா போட்டுவிடுவன்,” என்றார் அம்புறோஸ், சைக்கிளைத் திருப்பியபடி.

“வேண்டாம் தம்பி. நான் பஸ்ஸிலை போய் என்ரை கையாலை போடுறன். முத்திரைக் காசு மட்டும் அண்ணை தரட்டும்.”

காசை வாங்கி முடிந்துகொண்டு, குடையை எடுத்தாள். தன்னுடைய ஒழுங்கையால்தான் போனாள். வெயில் கொளுத்தியது, விரித்த குடை அந்த ஒழுங்கைக்குள் கொள்ளாது. அதை மடித்துக் கக்கத்தில் வைத்தபடி நடந்து, றோட்டில் ஏறியபிறகு விரித்தாள்.

மயில்வாகனம் படலையடியில் நின்றார். ஊர்காவற்றுறை பஸ் சந்தியில் திரும்புவது கேட்டது. நின்றது. அவள் ஏறுவது வேலிக்கு மேலால் தெரிந்தது; குடை மடிந்து உள்ளே போயிற்று. பஸ் புறப்பட்டது. கையைத் திருப்பி மணி பார்த்தார். இரண்டு இருபத்தேழு. ஏழு நிமிடம் பிந்தித்தான் போகிறது. ஆனால் மூன்று மணிக்கு முன் போய்ச் சேர்ந்துவிடும்.